அவள் ஓடி வரவில்லை

கதவுகள் எல்லாம் மூடிய பிறகும், மூன்றாம் பெட்டிக்கான சிவப்பு விளக்கு மட்டும் ஓட்டுநரின் முன்னால் அணையாமல் நின்றது.

மத்தியானம் இரண்டேகால் வண்டி. நிலத்தடி நிலையத்தில் புது சிமெண்டின் ஈர வாடையும், பிரேக் காந்திய நெடியும், எங்கோ சுழன்றுகொண்டிருந்த பெரிய காற்றாடியின் ஓயாத முனகலும் சேர்ந்து, மேலே வெயில் கொளுத்துகிறது என்பதையே மறக்கடித்தன. இந்தப் பாதை திறந்த புதிதில் எள் விழ இடமில்லாத கூட்டம். அந்த விபத்துக்குப் பிறகு மத்தியான வண்டிகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன.

ஓட்டுநர் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இங்க எல்லாம் மூடினதாத்தான் காட்டுதுண்ணே. கிளம்புங்க," என்றான் அங்கிருந்தவன்.

விபத்து நடந்த அன்றும் இதே விளக்கு எரிந்தது. வண்டி நான்கு நிமிடம் தாமதம். பக்கக் கண்ணாடியில் பார்த்தார். ஏறப் போன ஒரு பெண்ணின் கை கதவிடுக்கில் சிக்கியிருந்தது. மறு கையால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். உருவிக்கொண்டுவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, விளக்கு எரிந்தாலும் வண்டியை நகரவைக்கும் பொத்தானை அமுக்கினார். வண்டி அவளைச் சுரங்கச் சுவர்வரை இழுத்துக்கொண்டு போனது. விசாரணையில், கடைசி நேரத்தில் அவள்தான் ஓடி வந்து கையை நுழைத்தாள் என்றார். நடைமேடையில் அப்போது கேமரா மாட்டியிருக்கவில்லை. சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது அவள் கணவன் வழியில் நின்றான். குரலை உயர்த்தவில்லை.

"அவ ஓடி வரலைங்க. வயித்துல ஏழு மாசம். அவளால ஓட முடியாது. அது உங்களுக்கும் தெரியும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிட்டார்.

இப்போது மூன்றாம் பெட்டியின் அவசர அழைப்பு மணி அடித்தது. எடுத்தார். பேச்சில்லை. மூச்சு மட்டும். நீளமாக, இழுத்து இழுத்து ஒன்று. அதற்கு அடியில், குட்டியாக, வேகவேகமாக இன்னொன்று.

"திறங்க."

பெண் குரல். அதில் கெஞ்சல் இல்லை. இத்தனை நாள் காத்திருந்தவளின் நிதானம் இருந்தது.

வண்டிச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டால் போதும். முதல் பெட்டி, இரண்டாம் பெட்டி. நெருங்க நெருங்க, சிமெண்ட் வாடையை மீறி, பால் புளித்த வாடை ஒன்று எழுந்தது. நடைமேடைக் கோடியில் துப்புரவு வேலை செய்யும் அம்மாள் முதுகைக் காட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் பெட்டி காலி. கதவு நாலு விரல் அகலம் திறந்திருந்தது.

தள்ளிப் பார்க்கக் கையை நுழைத்தார்.

மூடியது.

அடித்துச் சாத்தவில்லை. மெதுவாக. யாரோ மணிக்கட்டைப் பற்றுவது போல.

சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. வண்டி நகர்ந்தது.

நடந்தார். எட்டி நடந்தார். ஓடினார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. துடைப்பத்தோடு நிமிர்ந்த அம்மாள் அவரைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"ஓடாதீங்க சார், அடுத்த வண்டி வரும்."

சுரங்கத்தின் வாய். கரிய சுவர். பத்தடி.

கதவுக் கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்ந்தது. அதில் ஓர் உள்ளங்கை பதிந்தது. அதற்குக் கீழே, தீப்பெட்டி அளவுகூட இல்லாத இன்னொன்று.

அந்தச் சின்னக் கை கண்ணாடியைத் தட்டத் தொடங்கியது.