ஆறு மைல் தள்ளி ஒரு தீவு!

டுமீல்...!

காலை பத்து மணிக்கு, நடுக்கடலில், ஒரு சரக்குக் கப்பலில் கேட்கக் கூடாத சத்தம்.

செகண்ட் ஆபீசர் இரண்டிரண்டு படிகளாகத் தாவி, கப்பலை ஓட்டும் அறைக்குள் பாய்ந்தான்.

கேப்டன் வரைபட மேஜையின் மேல் கவிழ்ந்து கிடந்தார். முதுகில் ஓர் ஓட்டை. வெள்ளைச் சட்டை வேகமாகச் சிவந்துகொண்டிருந்தது.

"ஐயோ... சார்!"

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். நாடி நின்றிருந்தது.

கப்பல் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. தண்ணீர் ஏறுகிறது! அடுத்த நொடி ரேடியோவின் சிவப்பு அபாய பட்டனை அழுத்தினான். ஜி.பி.எஸ். திரை காட்டும் இடம் தானாகவே கரைக்குப் போய்விடும்.

கீச்... கீச்! கரையிலிருந்து பதில் வந்தது. தகவல் கிடைத்துவிட்டது!

"சமத்து!"

திரும்பினான். வாசலில் சீஃப் ஆபீசர். கையில் துப்பாக்கி, முகத்தில் சிரிப்பு.

டுமீல்! டுமீல்! ரேடியோ சுக்குநூறானது.

"கூப்பிட்டுட்டியா? பரவாயில்ல. அவங்க வர ரெண்டு மணி நேரம் ஆகும். கப்பல் அரை மணிதான் தாங்கும். அடியில வால்வு எல்லாத்தையும் திறந்து விட்டாச்சு. தண்ணில விழுந்தா தானா சிக்னல் அனுப்புமே, அந்த அபாய பீக்கனையும் உடைச்சாச்சு."

"எதுக்கு சார் இதெல்லாம்...?"

"கீழ பெட்டிகள்ல இருக்கறது மெஷின் சாமான் இல்லடா. துப்பாக்கி! கிழவர் நேத்தே மோப்பம் பிடிச்சுட்டார். சாட்டிலைட் போன்ல போலீசைக் கூப்பிட்டுடுவாரேன்னு, நேத்து மத்தியானமே கூரை மேல ஏறி, கைக்குக் கிடைச்ச ஒயரையெல்லாம் அறுத்து விட்டேன். இன்னிக்கு என்னையே நிக்க வெச்சு விசாரிச்சார். கதையை முடிச்சுட்டேன்."

"நானும் சமையல்காரரும் என்ன சார் பண்ணோம்?"

"ஒண்ணும் பண்ணல. அதான் உங்களைச் சுடல! இருக்கறது ஒரே படகு. நானும் இன்ஜின் ரூம் ஆளுங்க ரெண்டு பேரும் போறோம். சாட்சிக்கு அதுல இடமில்ல."

"சார்... என் பொண்டாட்டிக்கு இது ஏழாவது மாசம்..."

"குழந்தைக்குப் பேர் வைக்க நீ எதுக்கு? அவ வெச்சுக்குவா."

சீஃப் திரையை எட்டிப் பார்த்தான்.

"மேற்கே ஆறு மைல்ல தீவு. மழை மூட்டத்துல கண்ணுக்குத் தெரியல. தெரியாட்டி என்ன? மெஷின் பொய் சொல்லாது!"

போய்விட்டான். சற்று நேரத்தில் படகின் இன்ஜின் சத்தம் மழைக்குள் தேய்ந்து மறைந்தது.

சமையல்காரர் மூச்சிரைக்க ஏறி வந்தார். கையில் இரண்டு மிதவைச் சட்டைகள்.

"தம்பி! அடுப்படியில முழங்கால் வரைக்கும் தண்ணி! ஐயையோ... கேப்டனுக்கு என்னாச்சு?"

"சீஃப் சுட்டுட்டான் அண்ணே. நீங்க பயப்படாதீங்க! கரைக்குத் தகவல் போயிடுச்சு. சட்டையை மாட்டிக்கிட்டுக் குதிப்போம். ஒரு ரெண்டு மணி நேரம் மிதந்தா போதும். ஹெலிகாப்டர் நேரா நம்ம தலைக்கு மேல வந்து நிக்கும்!"

சொல்லும்போதே அவனுக்கு உயிர் வந்தது. குழந்தை முகத்தைப் பார்த்துவிடலாம்!

கேப்டனை அப்படியே விட்டுப் போக மனம் வரவில்லை. இருவரும் அவரைத் தூக்கித் தரையில் படுக்க வைத்தார்கள்.

மேஜையில் வரைபடம். அதில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் கேப்டனின் பொடிக் கையெழுத்து.

'விடியற்காலை நட்சத்திரக் கணக்குப்படி கப்பல் இங்கே. தவறு என்னுடையதா, மெஷினுடையதா?'

"ஆமா தம்பி, விடியக்காலைல அந்தப் பித்தளைக் கருவியை வெச்சு வானத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. ரெண்டு தரம் டீ ஆறிப்போச்சு."

செகண்ட் வரைபடத்தின் மேல் குனிந்தான்.

அந்தக் குறி இருந்த இடம், திரை காட்டும் பாதைக்கு நாற்பது மைல் தெற்கே!

திரைக்கு ஓடினான். எண்கள் ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. மூலையில் மட்டும் கடுகு அளவில் இரண்டு எழுத்துகள். சாட்டிலைட் தொடர்பு இல்லை, உத்தேசக் கணக்கு என்று அதற்கு அர்த்தம்!

சீஃப் அறுத்த ஒயர்களில் ஜி.பி.எஸ். ஒயரும் ஒன்று! நேற்று மதியத்திலிருந்து மெஷின் தன் இஷ்டத்துக்கு ஊகம் செய்துகொண்டிருந்தது. நீரோட்டம் கப்பலைத் தெற்கே தள்ளியது அதற்கு எப்படித் தெரியும்?

அவனுக்கும் தெரியவில்லை. இரண்டு டியூட்டியில் எட்டு முறை அந்த எண்களைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதியிருந்தான். அழகான கையெழுத்தில்! ஒரு முறைகூட மூலையைப் பார்க்கவில்லை. கேப்டனின் பித்தளைக் கருவியை மியூசியத்துக்குக் கொடுக்கச் சொல்லிக் கிண்டல் வேறு.

"என்ன தம்பி... ஆள் வராதா?"

"வரும் அண்ணே. டாண்ணு வரும். இங்கேருந்து நாப்பது மைல் வடக்கே!"

சமையல்காரர் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். கப்பல் இன்னும் சாய்ந்தது. மேஜையிலிருந்த பென்சில் உருண்டு விழுந்தது.

"அப்போ... அந்தத் தீவு?"

"அதுவும் அங்கதான். இங்கேருந்து மேற்கே போனா ஆயிரம் மைலுக்கு வெறும் தண்ணி. படகுல டீசல் முப்பது மைலுக்குக்கூட வராது."

"படுபாவி! வழி தெரியாமத்தான் போறானா?"

செகண்ட் மிதவைச் சட்டையின் வாரை இறுக்கிக் கட்டினான். அந்த நிலையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"சேச்சே! வழி ரொம்ப கரெக்ட் அண்ணே... கடல்தான் வேற!"