ஒதுங்கச் சொல்லும் குரல்

மூன்று குழல் ஏர் ஹாரனைச் சென்னியப்பன் அழுத்திப் பார்த்தான். கடைக் கண்ணாடி அதிர்ந்தது. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தால்தானே அதிசயம்! ஊரில் எல்லோர் காதிலும் செவித்திரை ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்று பேசினால் கேட்கும், தெரு இரைச்சல் ஏறாது. பிரியக்குரல் என்று ஒருவர் குரலைப் பதிந்து வைத்தால், அது மட்டும் எந்த இரைச்சலிலும் உள்ளே போகும்.

“இதெல்லாம் பழைய இரும்புக்குத்தான் ஆகும்” என்றான் கடைக்கார இஸ்மாயில். “புதுசா பிரியவொலிப்பான் வந்திருக்குதுங்ண்ணா. முன்னால போறவங்க செவித்திரையில இருக்கிற பிரியக்குரலை எடுத்து, அதே குரல்ல ஒதுங்கச் சொல்லும்.”

“அது தப்பில்லையா?”

“மூணாவது தடவை லேட்டாப் போனா என்னாகும்னு நீங்கதானுங்ண்ணா சொன்னீங்க.”

தாராபுரம் நடையே ரத்தாகிவிடும். இருப்பது ஒரே பஸ். அவன் ஓட்டுநர், மனைவி பூங்கொடி நடத்துநர், வேறு பிழைப்பு கிடையாது. மாலைக்குள் பம்பருக்குப் பின்னால் பிரியவொலிப்பான் ஏறிவிட்டது.

மறுநாள் சாலை விட்ட வழியைப் பார்க்க வேண்டுமே! தண்ணீர் லாரி, மாட்டு வண்டி, எல்லாம் ஓரம் போயின. பல்லடம் தாண்டி ஒரு நிறுத்தத்தில் இறங்கி ஏறிய பூங்கொடி முன்னால் வந்து நின்றாள்.

“ஏனுங்க, அந்த ஸ்கூட்டர்காரர் அழுறாரு. செத்துப்போன அம்மா கூப்பிட்டாங்கன்னு பக்கத்தில இருந்தவர்கிட்டச் சொல்றாரு.”

“அழட்டும். ஓரமாத்தானே அழுறான்?”

அவள் டிக்கெட் கொடுக்கப் பின்னால் போய்விட்டாள்.

இரண்டே மாதத்தில் பால் வண்டிக்காரன் வரைக்கும் அதை மாட்டிக்கொண்டான். சென்னியப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததிலிருந்து முதுகுக்குப் பின்னால் பூங்கொடியின் குரலில், “ஏனுங்க, ஒதுங்குங்க, ஏனுங்க.” முதலில் ஒதுங்கினான். நேரம் கைவிட்டுப் போயிற்று. பிறகு மனத்தைக் கல்லாக்கிக்கொண்டான்: அவள் குரல் கேட்டால் ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிப்பது. பூங்கொடிக்கும் நிறுத்தத்தில் இறங்கி நின்றால் போதும், நாலா பக்கமும் அவன் குரலில், “பூங்கொடி, ஒதுங்கு.” அவள் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கேட்டதும் இடப்பக்கம் ஓரடி நகர்ந்துகொள்வாள்.

குரலை நம்ப முடியாததால், புறப்படச் சொல்லப் பூங்கொடி பின்னாலிருந்து அழுத்தினால் அவன் முன்னால் எரியும்படி பஸ்ஸுக்குள் ஒரு பச்சை விளக்கு வைத்துக்கொண்டார்கள்.

அன்று குண்டடத்தில் நான்கு நிமிடத் தாமதம். பச்சை எரிந்தது. பஸ் நகர்ந்தபோது மூட்டையோடு ஒரு பெண் ஓடி வந்திருக்கிறாள். அவளை ஏற்றிவிட்டுப் பூங்கொடி ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலுமாக வைத்திருந்தாள்.

“ஏனுங்க, நிறுத்துங்க!”

‘ஏனுங்க’ என்றதுமே, போட்டிக்கு ஓடும் வெள்ளை பஸ்காரன் பின்னாலேயே வந்துவிட்டான் என்று எண்ணிச் சென்னியப்பன் மிதித்தான்.

“ஏனுங்க!”

இன்னும் மிதித்தான்.

யாரோ அவன் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் நிறுத்தினான். கண்ணாடியில் வெள்ளை பஸ் இல்லை. வெறும் சாலை, அதன் நடுவில் பூங்கொடி. இறங்கி ஓடினான்.

முழங்காலில் ரத்தம் வழிய உட்கார்ந்தபடி, சிதறிய டிக்கெட்டுகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பூங்கொடி! நான்தான். இங்க பாரு.”

அவள் நிமிரவில்லை. அவன் எத்தனை முறை கூப்பிட்டானோ, அத்தனை முறையும் உட்கார்ந்த வாக்கிலேயே இடப்பக்கம் ஓரடி நகர்ந்தாள்.