காவலூரில் விலைக்கு வந்த ஜீப்

ஜீப்பைத் தூரத்தில் பார்த்ததுமே சப்-இன்ஸ்பெக்டர் தாண்டவராயனுக்கு வாயெல்லாம் பல். கிட்டே போன பிறகுதான் அதன் பக்கத்தில் வேட்டி போர்த்திக் கிடந்த ஆள் கண்ணில் பட்டார்.

காலை 8.10. 1971ஆம் வருஷத்துத் தை மாதம். காவலூருக்கு அந்தப் பக்கம், சாமைக் கொல்லைகள் முடிந்து காடு தொடங்குகிற இடம். சரிவான வண்டிப் பாதை, ஒற்றைப் புளியமரம், மரத்தடியில் ஜீப். அதை விற்பதாகச் சொல்லி அவரை வரச் சொன்ன கோபால்சாமி பிணமாகக் கிடந்தார்.

"வண்டி பாக்க வந்தா இன்னாங்கய்யா இது!" என்று கூட வந்த ஏட்டு சின்னராசு மப்ளரை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

இருவரும் லீவு போட்டுவிட்டு ஆலங்காயத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்கள். கோபால்சாமி வீட்டில் வேலையாள், "மொதலாளி விடியக்காலமே பன்னி வேட்டைக்குப் போய்ட்டாருங்க, புளியமரத்தாண்ட இருப்பாரு" என்றான். நடந்து வருகையில் வெடிச் சத்தம் கேட்டது. டொம், டொம். ஒன்றின் வாலைப் பிடித்தாற்போல் இன்னொன்று.

"ரெண்டு வெடியா ஏட்டு?"

"ஒண்ணுதாங்கய்யா. மலை திருப்பிச் சொல்லுது."

சற்றுப் பொறுத்து, தனியாக ஒரு டொம். அதோடு சரி.

"வுழுந்துட்டுது! இது உசுரு போறதுக்குப் போட்ட வெடி!" என்று தாண்டவராயன் நடையை ஓட்டமாக்கினார். பன்றி விழுந்ததாக நினைத்து ஓடி வந்தவர் இப்போது மூச்சு வாங்க நின்றார்.

அவருடைய அப்பன் கல் உடைத்தவர். அவரும் மீசை முளைக்கிற வரைக்கும் ஜல்லிக் கூடை சுமந்தவர்தான். ஜீப்பில் வேட்டைக்குப் போகிற பெரிய மனுசர்களுக்கு வழிவிட்டு, கூடையோடு ஓரத்தில் நின்று புழுதி தின்றிருக்கிறார். வண்டியின் முன்கண்ணாடியை முன்பக்கமாகச் சாய்த்துப் பானட் மேல் படுக்கப் போட்டிருப்பார்கள். துப்பாக்கிக் குழலுக்கு எதிரே தடை எதுவும் இராது. இப்படி ஒரு வண்டி எனக்கும் வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த ஆசை. யுத்தத்துக்கு வந்து ஏலத்தில் போன வில்லீஸ் ஜீப்பு, இடது கைப் பக்கம் ஸ்டீரிங், இஞ்சின் கல்லு மாதிரி என்று கோபால்சாமி சந்தையில் சொன்னபோது தாண்டவராயனுக்குத் தூக்கம் போனது. கோபால்சாமி இன்னொன்றும் சொல்லியிருந்தார்: "வண்டி பாக்க நீங்களே வாங்க. கூட ஒரு சமாச்சாரம் கீது. சந்தையில வெச்சுச் சொல்றதில்ல."

அந்தச் சமாச்சாரம் இனி அவர் வாயிலிருந்து வராது.

பிணத்துக்குப் பக்கத்தில் கோபால்சாமியின் மச்சினன் ராஜாக்கண்ணு தலையிலடித்து அழுதுகொண்டிருந்தான். பெண்சாதியின் தம்பி. மலையில் புளி குத்தகை எடுக்கிற தொழிலில் மாமனுக்கு வலது கை. அவனுடைய தோட்டாத் துப்பாக்கி மரத்தில் சாய்ந்திருந்தது.

கொஞ்சம் தள்ளி வேடியப்பன் குந்தியிருந்தான். வேட்டையில் தடம் பார்க்கிற மலைக்காரன். மடியில் நாட்டுத் துப்பாக்கி. அவன் அழவில்லை. அவன் பெண்டாட்டி அம்மாக்கண்ணு வெடிச் சத்தம் கேட்டுக் கொல்லையிலிருந்து ஓடி வந்தவள், இடுப்பில் கை வைத்து நின்றாள்.

தாண்டவராயன் வேட்டியை விலக்கினார். மார்பில் மூன்று ஓட்டை. பன்றிக்குப் போடுகிற பெரிய ஈயக் குண்டு. மறுபடி மூடினார்.

"சொல்லு. யாரு சுட்டது?"

ராஜாக்கண்ணு வேடியப்பனைக் காட்டினான். "வேணும்னு சுடல சார், அத நான் சொல்ல மாட்டேன். மாமா ஸ்டீரிங்ல உக்காந்திருந்தாரு. இவன் இடது பக்கம் பள்ளத்துல. பன்னி கெளம்புன சத்தம் கேட்டு மாமா அந்தப் பக்கமாத் திரும்புனாரு. பனியில கண்ணு தெரியாம இவன் வெடிச்சுட்டான். மார்ல வாங்கிட்டாரு சார்! நாந்தான் கீழ எறக்கிப் படுக்க வெச்சேன்."

"நீ எங்க இருந்த?"

"நேர் எதிர்ல. அந்த உண்ணிச்செடிப் புதர்ல பதுங்கி இருந்தேன்." பாதையில் முப்பதடி முன்னால் புதர் தெரிந்தது.

"உன் துப்பாக்கியில மருந்து வாடை அடிக்குதே."

"ஆள் கூப்பிட வானத்தப் பாத்து ஒண்ணு போட்டேன் சார். எதிர்ல இருந்து நான் சுட்டிருந்தா இந்தக் கண்ணாடி தூளாகி இருக்கணுமே. பாருங்க, கீறல் கூட இல்ல!"

உண்மைதான். ஜீப்பின் முன்கண்ணாடி சட்டத்தோடு நிமிர்ந்து முழுசாக நின்றது.

"கண்ணாடி இப்படியேதான் இருந்துதா? வேட்டைக்குப் போறவங்க சாய்ச்சுப் போடுவாங்களே?"

"மாமாவுக்குப் பனி ஆவாது சார், இருமுவாரு. வூட்ல இருந்து தூக்கி மாட்டிக்கினுதான் வந்தோம். அத யாரும் தொடல."

தாண்டவராயன் வேடியப்பனிடம் போனார். "நீதான் சுட்டியா?"

"பன்னியத்தான் சுட்டேன் சாமி. கறுப்பா ஓடுச்சு, பள்ளத்துக்கு அந்தாண்ட. மேல ஏறி வந்தா மொதலாளி இப்படி." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஈயம் கல்லுல பட்டுத் திரும்பிப் போச்சோ இன்னாவோ. என் வெடியாத்தான் இருக்கும். என்னக் கூட்டினு போய்டு."

"எத்தினி வெடி?"

"ஒண்ணு. குழலுக்குள்ள ஒரு தரம் மருந்து கிட்டிச்சா ஒரு வெடிதான சாமி?"

"ஜீப்புல கண்ணாடி எப்படி இருந்துச்சு?"

"நான் ஜீப்பையே பாக்கல. எங்க ஊர்லேர்ந்து நேராப் பள்ளத்துல எறங்கிட்டேன்."

அம்மாக்கண்ணு குறுக்கே பாய்ந்தாள். "நீ சும்மா கெட! சுட்டேன் சுட்டேன்னு ஏன்யா உன் தலையில நீயே மண்ணு போட்டுக்கிற? பறக்குற கௌதாரிய அடிக்கிறவனுக்கு இவ்ளோ பெரிய ஜீப்பு தெரியாதா?" அப்புறம் சப்-இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "நீ ஜீப்பு வாங்க வந்தியா சாமி, எம் புருசனப் புடிக்க வந்தியா?"

சின்னராசு அதட்ட வாயெடுத்தார். தாண்டவராயன் கையமர்த்தினார். கேள்வி சரியான இடத்தில்தான் குத்தியது. ஏனென்றால் அவர் கண் மறுபடி மறுபடி ஜீப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

ராஜாக்கண்ணு அதைக் கவனித்துவிட்டான். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "சார், மாமா உங்களுக்குன்னு வாக்குக் குடுத்த வண்டி. எங்க அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்களே எடுத்துக்குங்க, வெலயப் பத்தி இன்னா இப்ப. இவன் கை தவறிச் சுட்டுட்டான்னு எழுதினா வண்டிய எதுக்கு கேஸ்ல சேக்கணும்?"

சொன்னதில் தப்பில்லை. வேடியப்பனே ஒப்புக்கொள்கிறான். கண்ணாடி உடையவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டால் வேடியப்பன் ஜெயிலுக்கு, ஜீப் ஆலங்காயத்துக்கு. தாண்டவராயன் ஜீப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"இரு, வண்டிய ஒரு தரம் பாத்துக்கிறேன்."

ராஜாக்கண்ணு முகத்தில் ரத்தம் திரும்பியது.

தாண்டவராயன் சுற்றி வந்தார். டயர் நல்ல டயர். அடியில் எண்ணெய் ஒழுகல் இல்லை. பின்னால் மேல்கூரை கான்வாஸைச் சுருட்டிக் கிடத்தியிருந்தார்கள். அதைத் தட்டிப் பார்த்தார், கிழிசல் இல்லாத கெட்டித் துணி. குனிந்தபோது மூக்கில் ஏதோ ஏறியது.

"சந்தன வாசம் வருதே ஏட்டு?"

"மொதலாளி பக்திமான் ஆச்சுங்களே. வண்டிக்கும் பொட்டு வெச்சிருப்பாரு."

முன்னால் வந்தார். இரவெல்லாம் பனி குடித்த புளியமரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பானட் ஈரம். அதன் முனையிலும் மட்கார்டுகளிலும் பொடிப் பொடியாகப் புளிய இலை ஒட்டியிருந்தது. பானட்டின் பின்பாதியில் மட்டும் சதுரமாக ஒரு இடம் ஈரமில்லாமல், ஓர் இலை கூட இல்லாமல் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது.

"யாரோ பாய் விரிச்சுப் படுத்து எழுந்த மாதிரி கீதுங்க" என்று சின்னராசு சிரித்தார்.

உட்கார்ந்தால் பாதை எப்படித் தெரியும் என்று பார்க்க, தாண்டவராயன் பக்கத்து இருக்கை வழியாக உள்ளே சாய்ந்தார். ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கண்ணாடி முழுக்க மங்கல், புளிய இலை. வெளியே வந்து, தோள் துண்டை எடுத்து, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை ஒரு இழுப்பு இழுத்தார்.

இலைகள் அசையவில்லை. துண்டு நனையவில்லை.

துண்டைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். காது மடல் சூடானது. வேட்டையில் புதர் அசைகிறபோது வருமே, அதே சூடு.

"ஏட்டு, துப்பாக்கி ரெண்டையும் எடுத்துக்க." குரல் மாறியிருந்தது. "வேடியப்பா, அம்மாக்கண்ணு, இப்படி வாங்க. நீங்கதான் சாட்சி. கண்ணாடியத் தொடாம பாருங்க. ஈரமும் இலையும் எந்தப் பக்கம் கீது?"

அம்மாக்கண்ணு எட்டிப் பார்த்தாள். "உள்பக்கம்."

"வெளிப்பக்கம்?"

"காஞ்சு கெடக்குது."

"மரம் மேல இருந்துதான சொட்டுது? நிமிந்து நிக்கிற கண்ணாடிக்கு உள்பக்கம் மட்டும் எப்படி எல போய் ஒட்டும்?" உள்ளங்கை தன் முகத்தைப் பார்க்கும்படி கையை நிமிர்த்திக் காட்டினார். "இதான் கண்ணாடி. உள்ளங்கை உள்பக்கம். இப்ப முன்னால சாய்க்கிறேன்." கை படுத்தது. உள்ளங்கை வானத்தைப் பார்த்தது. "கண்ணாடி ராவெல்லாம் இல்லன்னாலும் விடியக்காலத்துல இருந்து பானட் மேல படுத்துக் கெடந்துது. அதான் உள்பக்கம் எல. அதான் பானட்ல சதுரமா காஞ்ச எடம். கோபால்சாமி எப்பவும் போல வேட்டைக்காரனா கண்ணாடியச் சாய்ச்சு வெச்சுக்கினு உக்காந்திருந்தாரு. முன்னால தடையே இல்ல. செத்ததுக்கு அப்புறம் யாரோ அதத் தூக்கி நிறுத்தியிருக்கான். ஏன்? எதிர்ல இருந்து வெடி வரலன்னு காட்டறதுக்கு. எதிர்ல இருந்தது யாரு?"

ராஜாக்கண்ணு சிரிக்கப் பார்த்தான். "சார், எலைய வெச்சுக்கினு கொலக் கேசா?"

"எல பத்தாதா? சத்தத்த வெச்சுக்க. நானும் ஏட்டும் மொத்தம் மூணு கேட்டோம். ரெண்டாவத மலை திருப்பிச் சொன்னதுன்னு நெனச்சோம். அப்படின்னா நீ வானத்தப் பாத்துப் போட்டியே, அத ஏன் மலை திருப்பிச் சொல்லல? மலைக்கு வாயடைச்சுப் போச்சா? வேடியப்பன் எப்ப வெடிப்பான்னு காத்திருந்து, அந்தச் சத்தத்துலயே நீயும் வெடிச்ச."

"அய்யோ" என்றான் வேடியப்பன் மெதுவாக. அப்போதுதான் அவன் தலை நிமிர்ந்தது. "அப்ப என் வெடி இல்லியா?"

"உன் வெடி இடது பக்கத்துல இருந்து வந்தா வண்டியக் குறுக்கால தாண்டிப் போவும். எதிர்ல இருந்து வந்தா பின்னால போவும். ஏட்டு, அந்தக் கான்வாஸப் பிரி."

சின்னராசு சுருளை இறக்கி உதறினார். முன்பக்கம் பார்த்திருந்த மடிப்பில் விரல் நுழைகிற ஓட்டை. ஒவ்வொரு மடிப்பிலும் ஓட்டை தொடர்ந்தது. கடைசி மடிப்பிலிருந்து நசுங்கிய ஈயக் குண்டு ஒன்று கீழே விழுந்தது. அதோடு செதில் செதிலாக மஞ்சள் மரத்தூளும் கொட்டியது. இடமே மணத்தது.

"சந்தனக் கட்ட!" என்றார் சின்னராசு.

"பொட்டு இல்ல ஏட்டு, கடத்தல். மாமன் தூங்குனதும் மச்சினன் இந்த ஜீப்புல கட்ட எறக்கியிருக்கான். அது தெரிஞ்சுதான் கோபால்சாமி வண்டிய விக்க நெனச்சாரு. அதுவும் போலீஸ்காரனுக்கே. எங்கிட்ட சொல்ல இருந்த சமாச்சாரம் அதான். நான் வர்றதுக்குள்ள வாயடைக்கணும்னு—"

முடிக்கவில்லை. ராஜாக்கண்ணு ஒரே தாவலில் ஜீப்பில் விழுந்து ஹேண்ட் பிரேக்கைத் தள்ளினான். சரிவில் வண்டி நகர்ந்தது, உருண்டது, ஓடியது. தாண்டவராயன் ஓடிப்போய்ப் பக்கத் தகட்டைப் பிடித்துத் தாவி உள்ளே விழுந்தார். இஞ்சின் உயிர் பெறப் பார்த்து உறுமியது. அவன் கழுத்தை ஒரு கையால் வளைத்து, இன்னொரு கையால் ஸ்டீரிங்கை ஒடித்தார். ஜல்லி சுமந்த கை. ஜீப் உண்ணிப் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. ராஜாக்கண்ணு திறந்த பக்கமாகச் சரிந்து முள்ளுக்குள் முகம் புதைந்து கத்தினான்.

சின்னராசு இரைக்க இரைக்க வந்து மப்ளரால் அவன் கைகளைக் கட்டினார். "ட்ரயல் பாத்தாச்சுங்களாய்யா? வண்டி எப்படி?"

"தங்கம்யா" என்றார் தாண்டவராயன். முழங்கையில் ரத்தம் வழிந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

சிரிப்பு நிலைக்கவில்லை. சந்தனம் கடத்திய வண்டி, கொலை நடந்த வண்டி. கோர்ட்டு வாசலில் மரத்தடியில் நிறுத்துவார்கள். கேஸ் முடிகிறதற்குள் டயருக்குள் புல் முளைத்துவிடும். அவர் பானட்டை ஒரு தரம் தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

வேடியப்பன் வந்து நின்றான். கும்பிடுவான் என்று சின்னராசு எதிர்பார்த்தார். அவன் கும்பிடவில்லை.

"என் துப்பாக்கிய எப்பத் தருவ சாமி?"

"அது எப்படித் தர முடியும்? அதுவும் கோர்ட்டுக்குப் போவணும்."

"பன்னி தப்பிச்சுப் போச்சே. அறுக்காத சாமை இன்னும் அரைக் கொல்ல கீது. அதுங்க சும்மா வுடுமா?"

"உன் துப்பாக்கி போச்சு, என் ஜீப்பும் போச்சு. ரெண்டும் ஒரே மரத்தடியிலதான் கெடக்கும். நான் இன்னா பண்ணட்டும்?"

அம்மாக்கண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுதிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இன்னா பண்றதா? ரெண்டு பேருக்கும் கையிலதான் ஒண்ணும் இல்லியே" என்றாள். "எங்க வூட்ல எண்ணெ தகரம் ரெண்டு கீது. கேஸ எழுதிட்டுப் பொழுது சாயறதுக்குள்ள வந்துடு சாமி. பன்னி வராம கொல்லையில நீ ஒண்ணு தட்டு, அவரு ஒண்ணு தட்டட்டும்."