பேரில்லாத பாட்டில்

உருவத்தில் சின்னவள், கோபத்தில் பெரியவள். அதனால் அம்மா அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவாள்.

அம்மாவுக்கு ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை. பள்ளி விடுமுறை நாளில் கடுகும் கூடவே போவாள். அன்று அலுவலகத்தின் பின்முற்றத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே கழிவறை. உள்ளே அம்மாவின் இருமல் நிற்கவே இல்லை.

கடுகு கதவைத் தள்ளினாள். காற்று கண்ணைக் குத்தியது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெளிய வா!" என்று இழுத்துப் போய், முற்றத்தின் மறுகோடியில் உட்கார வைத்தாள்.

"பிளீச்சிங் தண்ணியில ஆசிட்டையும் ஊத்தினேன்டி. ரெண்டும் சேர்ந்தா பளிச்சுனு ஆகும்னு சூப்பர்வைசர் சொன்னாரு."

"பாட்டில் மேல என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் இல்ல. பெரிய கேன்லேர்ந்து பழைய தண்ணி பாட்டில்ல ஊத்தித் தருவாரு."

கடுகு சாமான் அறைக்கு ஓடினாள். ஆசிட் கேனில் சிவப்பு எழுத்து: 'பிளீச்சிங் பவுடருடன் கலக்காதீர்கள். நச்சுப் புகை வரும்.'

அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார். "கதவை யாரு தொறந்து போட்டது? ஆபீஸர் ரூமுக்கு நாத்தம் போகுது. மூடு!"

"மூட மாட்டேன். வேணும்னா அவர் ஜன்னலை அவர் மூடிக்கட்டும்."

"வாயைப் பாரு!"

"கேன்ல எழுதியிருக்கிறதைப் படிச்சீங்களா?"

"அதையெல்லாம் யாரு படிக்கிறா?"

"நான் படிச்சேன். நாலாவதுதான் படிக்கிறேன். அரை நிமிஷம்கூட ஆகல."

"சும்மா இருடி, வேலை போயிடும்," என்று அம்மா முனகினாள்.

"உன் மூச்சு போயிட்டா?"

சூப்பர்வைசர் தானே கதவை மூடப் போனார். வாசலில் ஒரே ஒரு மூச்சுதான் இழுத்தார். கண்ணில் நீர் கொட்ட, இருமிக்கொண்டே பின்வாங்கினார்.

"உங்களுக்கு ஒரு மூச்சு. எங்கம்மாவுக்கு அரை மணி நேரம்," என்றாள் கடுகு. "டாக்டர்கிட்ட போகணும். வண்டி கூப்பிடுங்க."

அவர் போனை எடுத்தார். வண்டி வருவதற்குள் கடுகு நோட்டில் தாள் கிழித்து, பெரிய எழுத்தில் 'ஆசிட். எதோடும் கலக்காதீங்க' என்று எழுதினாள். சாமான் அறையில் ஊற்றி வைத்திருந்த ஆசிட் பாட்டிலை அவர் பிடித்துக்கொள்ள, அவள் ஒட்டினாள்.

மருத்துவர் அம்மாவின் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். "நல்லவேளை, இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே இருந்திருந்தா ஆபத்தாயிருக்கும்," என்றார்.

திரும்பும் வழியில் அம்மா கேட்டாள், "கோபம் போச்சா?"

"இல்ல. நாளைக்கு ஆபீஸர்கிட்ட போய் இதைச் சொல்லணும்ல? அவருக்கும் கொஞ்சம் வெச்சிருக்கேன்."