சில்வெஸ்ரரின் விடாய்

அறுபத்து மூன்றாம் ஆண்டு, மாரி முடிந்த கையோடு சில்வெஸ்ரரும் மனைவி மேரிஜோசப்பினும் மண்டைதீவிலிருந்து ஊர்காவற்றுறைக் கடைத்தெருவுக்குக் குடிவந்தார்கள். பழைய கல்வீடு. பின்வளவில் பகலிலும் இருட்டுக் கட்டி நின்றது ஓர் இலுப்பை மரம். கிளைதோறும் வௌவால்கள் தலைகீழாய்த் தொங்கின. அழுகிய பழமும் மூத்திரமும் கலந்த நெடி குசினி அடுப்புவரை வந்தது.

"பழந்தின்னிகள்தானே. பாவங்கள்," என்றான் சில்வெஸ்ரர்.

ஒருநாள் பட்டப்பகலில் ஒரு வௌவால் முற்றத்தில் விழுந்து, பறக்கவும் ஏலாமல் மண்ணில் துழாவியது. அதைத் தூக்கிக் கிளையில் விடப் போனவனின் பெருவிரலில் பல்லைப் பதித்தது.

மேரிஜோசப்பின் அவனை விடாப்பிடியாய் மருந்துச்சாலைக்குக் கூட்டிப்போனாள். அங்கு மருந்து கொடுப்பவர் சிரித்தார்.

"விசர்நாய் கடிச்சால் ஊசி போடலாம். மாம்பழம் தின்னுற வௌவாலுக்கு எங்கை விசர் வாறது? மஞ்சளைப் பூசும்."

புண் ஆறியது. ஆறி வெகுநாளான பிறகு அந்த விரல் விறைக்கத் தொடங்கியது. காய்ச்சல் வந்தது. ஒரு காலை, தேத்தண்ணியை வாயருகே கொண்டுபோனவன் அலறிக்கொண்டு கோப்பையை வீசியெறிந்தான்.

கிணற்றில் வாளி விழும் சத்தத்துக்கே அவன் உடம்பு வில்லாய் வளைந்தது.

"தண்ணி தாரும்," என்று கெஞ்சினான்.

கொடுத்ததும், தொண்டை இறுகி நடுங்கினான்.

அவனுடைய தமையன் குருசுமுத்து வந்து பார்த்தார். "இது பேய்."

"பேயில்லை அத்தான். வௌவால் கடிச்சது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோவம்."

"நீர் சும்மா இரும்."

கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். குருசுமுத்து கோயில் தீர்த்தத்தை முகத்தில் தெளித்தார். சில்வெஸ்ரர் நுரை தள்ளித் துடித்தான். கூடிநின்ற சனம் சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கியது.

"பாத்தியளோ? தீர்த்தத்துக்கு ஆர் பயப்பிடுறது?"

திரும்பத் திரும்பத் தெளித்தார்.

நடுவில் ஒருமுறை அவன் கண் தெளிந்தது. "ஜோசப்பின், நான்தான். எனக்கு விடாய்க்குது."

பொழுதுபடுமுன் அவன் மூச்சு அடங்கிவிட்டது. கயிற்றை அவிழ்க்க அவளைத் தவிர ஒருவரும் கிட்டப் போகவில்லை.

அவன் செத்த மாதப் பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு உறவுகள் அந்த வீட்டில் கூடியிருந்தார்கள்.

"தம்பியின்ரை ஆத்துமத்தையாவது காப்பாத்திப்போட்டம்," என்றார் குருசுமுத்து. "பிள்ளை, கொஞ்சம் தண்ணி."

செம்பு நிறையக் கொண்டுவந்து வைத்தாள். அவர் அண்ணாந்து சரித்தார்.

ஒரு துளியும் விழவில்லை.

உள்ளே பார்த்தார். காய்ந்து கிடந்தது.

மறுபடி நிரப்பி வைத்தாள். தண்ணீர் விளிம்பில் தளும்பியதை எல்லாரும் கண்டார்கள். அவர் கை படுமுன்பே அது இறங்கத் தொடங்கியது.

மெல்ல.

யாரோ மிடறு மிடறாய் விழுங்கும் சத்தத்தோடு.



மேரிஜோசப்பின் வெறும் செம்பை எடுத்தாள். குருசுமுத்துவை அவள் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காராமல் கிடந்த கதிரையைப் பார்த்தாள்.

"ஆறுதலாய்க் குடியுங்கோ," என்றாள். "கிணறு நிறையத் தண்ணி கிடக்கு."