தூளிக் கயிறு

கயிறு இழுக்கிறதே, நான் இழுக்கவில்லையே என்று நினைத்தாள் சின்னக்கா.

திருகைக்கல்லின் முன் உட்கார்ந்திருந்தாள். தூளியில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவள் வலது கால் கட்டைவிரலில் முடிந்திருந்தது. கை ராகி அரைக்கும், கால் பிள்ளையை ஆட்டும். இப்போது கால் சும்மா இருந்தது. கயிறுதான் விட்டு விட்டு விரலை இழுத்தது.

பிறந்து பத்தொன்பது நாள். இதுவரை அந்தக் கயிற்றில் வந்ததெல்லாம் நடுக்கம். பிறந்ததிலிருந்தே பிள்ளை வெடவெடத்தது. கீச்சுக்குரலில் ஓயாமல் அழுதது. வெறும் முலையை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஐந்தாம் மாதம் இடுப்புவலிக்கென்று நாத்தனார் ராமக்கா பென்னாகரத்து அபினிக் கடையிலிருந்து வாங்கித் தந்த கறுப்பு உருண்டையைச் சின்னக்காவால் பேறுவரைக்கும் விட முடியவில்லை.

"உள்ளயே பழகிட்டான் உம்மவன். காம்புல துளி தடவு, கம்முனு கெடப்பான்" என்று ராமக்கா சிரித்தாள்.

தடவினாள். பிள்ளை ஆவலாகக் கவ்விக் குடித்தது. என்னையா குடிக்கிறான், அதையா?

இன்று காலை, ராமக்கா களத்துக்குப் போனதும், அபினி டப்பியை அடுக்குப்பானைக்குள் போட்டு மூடினாள். இனி எனக்கும் வேண்டாம், அவனுக்கும் வேண்டாம். வெறும் முலையை ஒரே ஒருமுறை கவ்வினால் போதும். உச்சிப்பொழுதுக்குள் எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது, மூக்கு ஒழுகியது, பால் சேலையில் ஊறிப் புளித்த வாடை அடித்தது, தூளிக்குள் அழுகை கிழிந்துகொண்டே போக, நடுக்கம் கயிற்றின் வழியே விரலுக்கு வந்து, விரலிலிருந்து பல்லுக்கு ஏறி, அவள் பல்லும் அவன் உடம்பும் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டன.

பானையை இறக்கினாள். தனக்கு மிளகளவு. அவனுக்குக் கடுகளவு.

அழுகை நின்றது.

கடுகுதானா? ஒரு தடவைதானா? நினைவில்லை.

வெயில் சுவரைவிட்டு இறங்கியது. மாவின்மேல் ஈ. தூளியிலும் ஈ.

கயிறு இழுத்தது. கூப்பிடுகிறான். என்னைத்தான்.

"என்ன புள்ள, வூடே சத்தமில்லாமக் கெடக்குது? தொரை தூங்கறாரா?" ராமக்கா தலைச்சுமையை இறக்கிவிட்டு வந்து தூளியை விரித்தாள். சிரிப்பு வாயிலேயே நின்றது. உள்ளே கை வைத்தாள்.

"எப்ப இருந்துடி இப்பிடிச் சில்லுனு கெடக்கறான்?"

"தூங்கறானுங்க அண்ணி."

ராமக்கா பிள்ளையை வாரி எடுத்தாள். ஒரு கை துவண்டு தொங்கியது. அவள் வாயிலிருந்து வந்தது அழுகையாக இல்லை.

"கயித்த அவுத்துட்டு வா சாமி. கடைசியா ஒருக்கா மடியில வாங்கிக்க."

வெறும் தூளி அசையாமல் தொங்கியது. கயிறு விறைத்தது. கட்டைவிரல் நுனி வெளுத்தது.

இழுப்பு.

விட்டு, இன்னொரு இழுப்பு.

"மாட்டேன் அண்ணி" என்றாள் சின்னக்கா மெதுவாக. "பசிக்குதுங்கறான்."

மாராப்பை விலக்கிக்கொண்டு, குனிந்து, முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.