பத்துக்குப் பத்து

"விடைப் பக்கம் எங்க?"

காலை ஆறரை மணிக்கு இந்தக் கேள்வி வரும் என்று அடுப்படியில் நின்றவளுக்கு முன்னமே தெரியும். தெரிந்திருந்தும் டீயை வடிகட்டியில் ஊற்றாமல் மேடையில் ஊற்றிவிட்டாள்.

கூடத்தில் நாத்தனார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கணவனுக்கு அக்கா, ஆபீஸில் டைப்பிஸ்ட், வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். தம்பியை வளர்த்து, தொழில் பழக்கி, கல்யாணமும் செய்து வைத்துவிட்டுத் தன் கல்யாணத்தை மறந்துபோனவள். பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். பால்காரர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால்கூடத் திருத்திவிட்டுத்தான் உள்ளே எடுத்து வைப்பாள். அக்கம்பக்கத்தில் அவளுக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். அவள் காதில் விழாமல்தான்!

மடியில் இருந்தது தம்பியின் ஒரே மகளுடைய இங்கிலீஷ் பயிற்சிப் புத்தகம். நாற்பது பாரா, ஒவ்வொன்றுக்கும் பத்துக் கேள்வி, கடைசியில் எட்டுப் பக்கம் விடை. பள்ளி இறுதிப் பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டே நாள். மற்ற பாடங்களில் எப்படியோ கரை சேர்ந்துவிடுவாள். பாராவைப் படித்துப் பதில் எழுது என்றால் மட்டும் குப்புற விழுவாள். இங்கிலீஷில் போனால் மேல்படிப்பும் போச்சு. அதற்காகத்தான் அத்தை இந்தப் புத்தகத்தை வாங்கி வந்தாள். சாயங்காலம் பெண் ஒரு பாரா எழுதி வைப்பாள். காலையில் அத்தை விடைப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு திருத்துவாள். மூன்று வாரமாகப் பத்துக்குப் பத்து, தப்பினால் பத்துக்கு ஒன்பது. வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை.

"நேத்துக் காலைல இருந்துச்சு, இன்னிக்கு இல்ல! கிழிச்ச அடையாளம்கூட இல்லையே..."

அங்கேதான் குட்டு உடைந்தது. கிழிந்திருந்தால் எலி மேல் பழியைப் போடலாம். இது நூலைப் பிரித்து, கடைசிப் பக்கங்களை உருவி, மறுபடி தைத்தது. அந்த வேலை தெரிந்தவள் அந்த வீட்டில் ஒருத்திதான். பத்தொன்பது வருஷமாகப் பைண்டிங் கடையில் தாள் மடித்துத் தைக்கிறவள்.

கணவன் முகத்தில் பாதி சோப்பு நுரையோடு வந்து நின்றான். பஸ் பட்டறையில் மெக்கானிக்.

"நீயா எடுத்த?"

"ஆமா... நான்தான்."

"எதுக்கு?"

"பரீட்சை முடிஞ்சதும் குடுத்துடறேன்."

"என்னடி பேச்சு இது! பரீட்சை முடிஞ்சப்புறம் அதை வச்சு விளக்கா ஏத்துறது?"

"நான் சொல்லட்டுமா தம்பி?" நாத்தனார் புத்தகத்தை மூடினாள். "பொண்ணு மேல படிச்சு வெளியூர் போயிடுவாளே... அது இவளுக்குப் பொறுக்கல! தன்கூடவே பசைச் சட்டிப் பக்கத்துல உக்கார வச்சுக்கப் பாக்குறா. பெத்தவளே இப்படிப் பண்ணா ஊர்ல யாரை நம்புறது?"

தாய் மகளைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பெண் பாதி பின்னிய சடையைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றிருந்தாள். மகள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெண் ரிப்பனின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாய் அடுப்படிக்குத் திரும்பி, மேடையில் கொட்டிய டீயைத் துடைத்தாள்.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் மேஜையைத் துடைக்கும்போது அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். புத்தகம் கைக்கு வந்தால் ஓரத்தைத் தடவிப் பார்க்காமல் கீழே வைக்கத் தெரியாது அவளுக்கு. நடுவில் ஒரு மடிப்புத் தாள் கட்டில் வெட்டுக் கத்தி சரியாகப் படவில்லை. தாள்கள் மேல் ஓரத்தில் மடிப்போடு ஒட்டியே இருந்தன. எந்தக் கடை வேலையோ, அவளுடைய முதலாளி கண்ணில் பட்டிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். ஒட்டியிருந்த தாள்களுக்குள்ளே ஒரு பாரா அச்சாகியிருந்தது. அதைப் படிக்க வேண்டுமென்றால் ஓரத்தை வெட்டியாக வேண்டும். யாரும் வெட்டவில்லை. ஆனால் அடுத்த பக்கத்தில் அந்தப் பாராவின் கேள்விகளுக்கு மகளுடைய கையெழுத்தில் பத்துப் பதில்கள்! பக்கத்தில் சிவப்பு மையில் பத்துக்குப் பத்து!

இங்கிலீஷில் அவளுக்குத் தன் பெயர்கூட எழுத வராது. தாள் சொல்வது மட்டும் புரியும். மற்றப் பாராக்களைப் புரட்டினாள். புதுத் தாள் மாதிரி விறைப்பாகக் கிடந்தன. கடைசி எட்டுப் பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறித் துவண்டிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கணவனிடம் சொல்லலாம்தான். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளியில் பெண் கையில் துண்டுச் சீட்டோடு பிடிபட்டபோது அவன் சொன்னது காதிலேயே நின்றது. "இன்னொரு தடவை காப்பின்னு என் காதுல விழுந்துச்சு, அன்னிக்கோட படிப்பு சரி!" சொன்னால் சொன்னதுதான் அவனுக்கு. இரவல் வாங்கிய ஸ்பானரைத் திருப்பித் தராத சிநேகிதனோடு பதினாறு வருஷமாகப் பேசாதவன். பன்னிரண்டு நாளில் பரீட்சையை வைத்துக்கொண்டு அந்த வாயில் பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்துவாளா ஒரு தாய்? பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று போகட்டும், பெண் பரீட்சை எழுதினால் போதும் என்று ஊசியை எடுத்துவிட்டாள்.

கூடத்தில் அந்தச் சண்டை நடந்த அன்று மாலை மகளை அடுப்படியில் உட்கார வைத்தாள். பயிற்சிப் புத்தகத்தில் முதல் பாராவை விரித்துக் கொடுத்தாள்.

"இதைப் படிச்சு எனக்குக் கதையாச் சொல்லு."

"உனக்குப் புரியாதும்மா."

"அதுக்குத்தானே உன்னைச் சொல்லச் சொல்றேன்."

பெண் முணுமுணுத்துக்கொண்டே படித்தாள். அகராதியை ஏழெட்டுத் தடவை புரட்டினாள். அரை மணி கழித்து நாலு வரி சொன்னாள். கடல் நடுவில் ஒரு விளக்குக் கோபுரம், அதில் ஒரு காவல்காரன், அவனுக்கு ஒரு நாய். புயல் வந்து, சாமான் கொண்டுவரும் படகு பதினைந்து நாள் வரவில்லை.

"அப்போ அந்த நாய் என்னத்தைத் தின்னுச்சு?"

"ஐயோ, அது கேள்வில இல்லம்மா!"

"கேள்வில இல்லாட்டி என்ன? கதைல இருக்கும், பாரு."

பெண் வெடுக்கென்று பக்கத்தைத் திருப்பினாள். தேடினாள். ஐந்தாவது வரியில் இருந்தது. காவல்காரன் தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்திருக்கிறான்! "அட..." என்றாள் தன்னையறியாமல்.

தினமும் இப்படியே நடந்தது. விடைப் பக்கத்தைப் பற்றித் தாயும் கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் அது ஒரு மூன்றாவது ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அந்த வாரம் பள்ளியில் மாதிரித் தேர்வுகள் தொடங்கின. முதல் தேர்வில் பாராவுக்குப் பத்துக்கு மூன்று!

"மூணு!" நாத்தனார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "பத்து வாங்கிட்டிருந்த பொண்ணு! இப்ப சந்தோஷமா உனக்கு?"

அடுத்தது நான்கு. அதற்கடுத்தது ஐந்தரை. ஏறுகிறதே என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பத்திலிருந்து விழுந்ததுதான் கண்ணுக்குத் தெரிந்தது. கணவன் அவளோடு பேச்சை நிறுத்தினான். வேண்டியதை மகளிடம் சொல்லி வாங்கிக்கொண்டான். நாத்தனார் அவள் வைத்த தட்டை எடுக்காமல் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அவளோ காலையில் வேலைக்குப் போனாள், சாயங்காலம் வந்து நாய்க்கும் பூனைக்கும் என்ன ஆச்சு என்று கேட்டாள். கண் துடைக்க நேரம் கிடைத்தபோது துடைத்துக்கொண்டாள்.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது, விடுமுறை நாள் காலையில், நாத்தனார் வெளியிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தாள். கையில் அதே புத்தகம், புதுப் பிரதி. ஆறு கடை ஏறி இறங்கி வாங்கியது.

"இந்தாம்மா, விடையோட இருக்கு. இது என் பீரோவுலதான் இருக்கும். யார் கையும் படாது!"

அடுப்படியிலிருந்து அவள் ஓடி வந்தாள். "வேணாம் அண்ணி... உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன், இந்த நாலு நாள் மட்டும் அதை அவகிட்டக் குடுக்காதீங்க!"

"பாத்தியாடா! இன்னும் அடங்கல பாரு!"

கணவன் எழுந்தான். பல நாளைக்குப் பிறகு நேராக அவளைப் பார்த்துப் பேசினான். "நீ கிளம்பு. உங்க அண்ணன் வீட்ல போய் இரு. பரீட்சை முடிஞ்சப்புறம் வா."

அவள் உள்ளே போனாள். இரண்டு புடவையைப் பையில் வைத்தாள். கொடியில் காய்ந்த மகளின் சீருடையை மடித்து அலமாரியில் வைத்தாள். வாசலுக்கு வந்து செருப்பில் காலை நுழைத்தாள்.

"கதையா மட்டும் சொல்லிப் பாரு கண்ணு... யார்கிட்டயாவது சொல்லு. அத்தைகிட்டயே சொல்லு," என்றாள் மகளிடம்.

அவ்வளவுதான்! பெண் உள்ளே ஓடினாள். பழைய புத்தகத்தை எடுத்து வந்து அத்தையின் மடியில் போட்டாள்.

"அத்தை, இந்தப் பாராவைப் படிங்க."

"இப்ப எதுக்குடி இது?"

"படிங்க அத்தை!"

நாத்தனார் பக்கத்தைத் திருப்பினாள். திறக்கவில்லை. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு இடுக்கில் பார்த்தாள். விரலை விட்டாள். தாள் மேலே ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒட்டியிருக்கேடி..."

"ஆமா, ஒட்டியிருக்கு. அச்சடிச்ச நாள்லேர்ந்து ஒட்டித்தான் இருக்கு. இதுக்கு எனக்கு எத்தனை மார்க் போட்டீங்க, பாருங்க!"

நாத்தனார் அடுத்த பக்கத்தைப் பார்த்தாள். அவளுடைய சிவப்பு மை. பத்துக்குப் பத்து. பக்கத்தில் 'மிக நன்று' வேறு.

"எல்லாமே பின்னாடி பாத்து எழுதினது அத்தை! ஒரு பாராகூட நான் படிக்கல. அம்மா கண்டுபிடிச்சுட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல, திட்டல... பழியை எடுத்துத் தன் தலைல போட்டுக்கிட்டாங்க. நான் பாத்துக்கிட்டே நின்னேன்ப்பா! எட்டு நாளா நின்னேன்!"

கணவனின் முகம் கறுத்தது. "அப்போ... மறுபடியும் காப்பியா? நான் அன்னிக்கு என்ன சொன்னேன்?" என்று ஓர் அடி எடுத்து வைத்தான்.

செருப்போடு உள்ளே வந்து குறுக்கே நின்றாள் தாய். அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"இதுக்குத்தாங்க சொல்லல! உங்க வார்த்தை பெருசா, அவ பன்னண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனது பெருசா? அந்த மூணு மார்க்கு யாரும் குடுத்ததில்ல, அவ படிச்சு வாங்கினது! நாலும் அவளுது, அஞ்சரையும் அவளுது! என்னை வேணும்னா அனுப்புங்க, போறேன். அவ புத்தகத்துல மட்டும் கை வைக்காதீங்க!"

"தம்பி, இரு." நாத்தனார் எழுந்தாள். "முதல் தப்பு என்னுதுடா. அவ பாராவைப் படிக்கலன்னா... நான் மட்டும் படிச்சேனா? பின்பக்கத்தை வச்சுக்கிட்டு டிக் அடிச்சேன். படிக்காதவள்னு இவளை நான் சொல்லாத நாள் கிடையாது. புத்தகத்தைப் புரட்டிப் பாத்தவ இவ ஒருத்திதான்டா!" சிவப்புப் பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள். "என்னை மன்னிச்சுடும்மா..."

"ஐயோ அண்ணி, என்ன பேச்சு..." என்று ஓடிப்போய் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள் அவள்.

கணவனுக்கு மன்னிப்பெல்லாம் கேட்டுப் பழக்கமில்லை. மனைவியின் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். இரண்டு புடவையையும் மறுபடி அலமாரியில் வைத்தான். மடிக்கத் தெரியாமல் உருட்டித்தான் வைத்தான்.

அவள் தன் வேலைப் பையிலிருந்து தாள் மடிக்கிற மூங்கில் பட்டையை எடுத்து மகளிடம் நீட்டினாள். பெண் அதை ஒட்டிய ஓரத்துக்குள் விட்டு மெல்ல இழுத்தாள். தாள் பிரிந்தது. அத்தையும் பெண்ணும் தலையோடு தலை முட்டப் படித்தார்கள்.

"எனக்கே இதுல மூணு வார்த்தை தெரியலையேடி!" என்றாள் சிவப்பு மை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

பரீட்சை அன்று மத்தியானம் பைண்டிங் கடை வாசலில் அத்தையும் பெண்ணும் வந்து நின்றார்கள். அத்தை ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளி வாசலிலேயே காத்திருந்திருக்கிறாள். கை நிறையப் பசையோடு தாய் எழுந்து வந்தாள். எப்படி எழுதினாய், எத்தனை வரும் என்றெல்லாம் கேட்கவில்லை.

"என்ன கதை வந்துச்சு?"

"ஒரு தபால்காரம்மா. மலை மேல தனியா ஒரு வீடு. அந்த வீட்டுக்காகவே தினமும் நானூறு படி ஏறுறாங்க. கடிதம் இல்லாத நாள்லயும் ஏறுறாங்கம்மா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கடிதம் இல்லாத நாள் எதுக்கு ஏறணும்?"

"அது கேள்வில வரல..." என்று தொடங்கிய பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. "ஆனா கதைல இருந்துச்சும்மா. அந்த வீட்டுக்காரர் ஜன்னல்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாராம். யாரும் வரலைன்னு அவர் நினைச்சுடக் கூடாதாம். தனக்காகத்தான் ஏறுறாங்கன்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாதும்மா... இன்னிக்கும் கடிதம் இல்லைங்கன்னு சொல்லிட்டு இறங்கிடுவாங்களாம்."

மேலே பேச முடியாமல் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பசைக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சீருடைதானே, துவைச்சா போயிடும். பிடிச்சுக்கோ!" என்றாள் அத்தை.

அவள் மகளை இறுக அணைத்துக்கொண்டாள்.